1-8 என்று பின்னால் இருந்தவர் எப்படி ஜெயித்தார்?

போன இதழில், 2020 பிப்ரவரியில் தில்லியில் நடந்த ஆசிய மல்யுத்த சாம்பியன்ஷிப்பின் முடிவுகளை ஒரு முழுப் பக்கத்துக்கு அட்டவணையாகப் போட்டிருந்தோம். பொடி எழுத்து, நிறைய எண்கள். யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துதான் போட்டோம். ஆனால் வந்த கடிதங்களைப் பார்த்தால் கிரிக்கெட்டுக்குக்கூட இவ்வளவு வந்ததில்லை. பாதிப் பேர் 'கணக்கு தப்பு' என்று திட்டியிருக்கிறார்கள். கணக்கு சரிதான், வாங்க பார்க்கலாம்.

கேள்வி: 87 கிலோ கிரேக்கோ-ரோமன் அரையிறுதியில் சுனில் குமார் 12-8 என்று ஜெயித்தார் என்கிறீர்கள். பக்கத்திலேயே 'ஒரு கட்டத்தில் 1-8' என்றும் போட்டிருக்கிறீர்கள். அச்சுப் பிழைதானே சார்? (சேலத்திலிருந்து ஒரு வாசகி)

பிழை இல்லைங்க. அந்தப் பக்கத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான்.

கிரேக்கோ-ரோமன் என்பது இடுப்புக்குக் கீழே கை வைக்கவே கூடாத குஸ்தி. காலைப் பிடித்து இழுப்பது, காலை வைத்துத் தட்டிவிடுவது எதுவும் கிடையாது. நெஞ்சோடு நெஞ்சு முட்டி, அக்குளுக்குள் கையை நுழைத்து, ஆளையே தூக்கித் தலைக்கு மேலே வீசவேண்டும். இதில் ஒரு விதி உண்டு: ஒருவர் 8 பாயிண்ட் முன்னிலை எடுத்துவிட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது, மிச்ச நேரத்தை ஆடவே விடமாட்டார்கள். காலையும் பிடிக்கலாம் என்கிற ஃப்ரீஸ்டைலில் அது 10 பாயிண்ட்.

இப்போது 1-8ஐத் திரும்பப் பாருங்கள். வித்தியாசம் 7. எதிரே கஜகஸ்தானின் அசாமத் குஸ்துபாயேவ். அவருக்குத் தேவைப்பட்டது இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். சுனிலை மேட் என்கிற விரிப்பின் வட்டத்துக்கு வெளியே ஒரு எட்டு தள்ளியிருந்தால்கூடப் போதும், அதற்கும் ஒரு பாயிண்ட் உண்டு. அந்த ஒன்று கடைசி வரை வரவே இல்லை. அங்கிருந்து சுனில் தொடர்ந்து 11 பாயிண்ட் எடுத்தார், எதிராளிக்கு ஒன்றுகூட விடாமல். 12-8.

மறுநாள் பேப்பரில் தலைப்பானது இறுதிப் போட்டி. கிர்கிஸ்தானின் அசாத் சாலிதினோவை 5-0 என்று சாவகாசமாக ஜெயித்தார். 1993-ல் பப்பு யாதவ் வாங்கியதற்குப் பிறகு, 27 வருஷம் கழித்து, கிரேக்கோ-ரோமனில் இந்தியாவுக்கு வந்த ஆசியத் தங்கம் அது. முந்தைய வருஷமும் இதே சுனில் இறுதி வரை போய் வெள்ளியோடு திரும்பியிருந்தார். என்னைக் கேட்டால் தங்கம் கிடைத்தது இறுதியில் இல்லை, அந்த 1-8 நேரத்தில்தான். ஆனால் பதக்கப் பட்டியலில் அரையிறுதிக்கு ஏது இடம்.

கேள்வி: ரவி தஹியா இறுதியில் 10-0 என்று சீக்கிரமே முடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். 10 பாயிண்ட் எடுக்க பத்து தடவை விழத்தட்டவேண்டாமா? (தூத்துக்குடி)

வேண்டாம். காலைப் பிடித்துக் கீழே சாய்த்து, பின்னால் போய் மடக்கிவிட்டால் 2, இதுதான் டேக்டவுன். அப்புறம் எதிராளி குப்புறக் கிடக்கும்போதே அவருடைய இரண்டு கணுக்காலையும் ஒன்றன்மேல் ஒன்று பின்னி, அணைத்துப் பிடித்துக்கொண்டு உருளவேண்டும். முதுகு ஒருமுறை மேட்டுப் பக்கம் திரும்பினால் 2, இன்னொரு உருட்டு இன்னொரு 2. பிடி சரியாக விழுந்துவிட்டால் பாய் சுருட்டுவது மாதிரி மளமளவென்று போய்க்கொண்டே இருக்கும். வட இந்திய அகாடாக்களில், அதாவது குஸ்திப் பயிற்சிக் கூடங்களில், இதை 'ஃபீதலே' என்பார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் யோகேஷ்வர் தத் வெண்கலம் வாங்கியபோது, வீங்கி மூடிப்போன ஒரு கண்ணோடு வடகொரியாக்காரரைப் போட்டு உருட்டினாரே, அதேதான். ஒரு டேக்டவுன், நாலு உருட்டு என்றாலே பத்து வந்துவிடும்.

57 கிலோ ஃப்ரீஸ்டைல் இறுதியில் ரவியிடம் 10-0 என்று தோற்றவர் தஜிகிஸ்தானின் ஹிக்மதுல்லோ வோஹிதோவ். ஆனால் நீங்கள் அதை விட்டுவிட்டு ரவியின் முதல் சுற்றைப் பாருங்கள். எதிரே வந்தது 2017 உலக சாம்பியன், ஜப்பானின் யூகி தகாஹாஷி. அவரை 14-5. அன்று காலையிலேயே 57 கிலோவின் கதை தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு 2021 அல்மாட்டி, 2022 உலான்பாத்தர் என்று வரிசையாக மூன்று ஆசியத் தங்கம் வாங்கினார் ரவி. வேறு எந்த இந்தியரும் அதுவரை மூன்று வாங்கியதில்லை.

கேள்வி: பெண்கள் 68 கிலோவில் திவ்யா காக்ரனுக்குத் தங்கம் என்று இருக்கிறது, ஆனால் இறுதிப் போட்டி என்ற வரியே இல்லையே. சாப்பிட்டுவிட்டீர்களா? (விழுப்புரம்)

இறுதிப் போட்டியே நடக்கவில்லை. ஒரு எடைப் பிரிவில் ஆறு பேருக்குக் குறைவாக இருந்தால் நாக்-அவுட் கிடையாது, எல்லோரும் எல்லோரோடும் மோதவேண்டும். அந்தப் பிரிவில் ஐந்தே பேர். திவ்யாவுக்கு நாலு போட்டி.

'அஞ்சு பேரில் முதலாவதா, பெரிய விஷயமா' என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நாலு போட்டியையும் அவர் பாயிண்ட் கணக்கில் ஜெயிக்கவில்லை, நாலு பேரையும் மல்லாக்கப் போட்டு ஜெயித்தார். ஜப்பானின் ஜூனியர் உலக சாம்பியன் நருஹா மாட்சுயுகியும் அந்த நாலில் ஒருவர். இரண்டு தோள்பட்டையும் மேட்டில் அழுந்திப் படும்படி பிடித்து வைத்து, நடுவர் மேட்டைத் தட்டிவிட்டால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் கதை முடிந்தது. 0-9 என்று பின்னால் இருப்பவரும் அந்த ஒரு நொடியில் ஜெயிக்கலாம். இப்படி ஜெயித்தால் தரவரிசைக்கு 5 புள்ளி, பெரிய முன்னிலையில் பாதியிலேயே முடித்தால் 4, வெறும் பாயிண்டில் ஜெயித்தால் 3. திவ்யாவுக்கு நாலு தடவை ஐந்து, ஆக இருபது, முழு மார்க்.

இங்கே ஒரு சின்ன விஷயம். 'கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று நாம் கிண்டலாகச் சொல்வோம். நிஜ குஸ்தியில் அது தலைகீழ். மீசையில் மண் ஒட்டுகிற மாதிரி குப்புற ஒட்டிக்கொண்டு கிடப்பவர்தான் பிழைப்பார், முதுகில் ஒட்டினால்தான் போச்சு. டிவியில் பார்க்கும்போது ஒருவர் பல்லி மாதிரி மேட்டோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தால் தோற்றுப்போய்விட்டார் என்று நினைக்காதீர்கள், உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

திவ்யாவைப் பற்றி இன்னொன்று. அவருடைய அப்பா ஊர் ஊராகக் குஸ்திப் போட்டிகளுக்குப் போய் பயில்வான்களுக்கு லங்கோடு விற்றவர். வீட்டில் தைத்துக் கொடுத்தது அம்மா. அதே மண் மைதானங்களில் பையன்களோடு மோதி, பரிசுப் பணம் வாங்கி வளர்ந்த பெண் இவர். 

அதே நாளில் 55 கிலோவில் பிங்கி, 59-ல் சரிதா மோர் என்று மொத்தம் மூன்று தங்கம் பெண்களுக்கு. அதற்கு முன்னால் ஆசியத் தங்கம் வாங்கிய ஒரே இந்தியப் பெண் நவ்ஜோத் கவுர்தான், 2018-ல். ஒரே சாயங்காலத்தில் ஒன்று நாலாகிவிட்டது.

கேள்வி: வினேஷ் போகத் ஜப்பான் வீராங்கனையிடம் தோற்றார், ஆனாலும் வெண்கலம். தோற்றவருக்கு எதற்கய்யா பதக்கம்? அதுவும் ஒரு பிரிவுக்கு ரெண்டு வெண்கலம்! கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையா? (மதுரை)

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் இதைவிட நியாயமான ஏற்பாடு விளையாட்டு உலகத்தில் குறைவு. 

குலுக்கலில் உங்கள் பேர் முதல் சுற்றிலேயே உலகத்தின் மிகப் பெரிய கில்லாடியோடு மாட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். தோற்கிறீர்கள். அது உங்கள் குற்றமா, சீட்டின் குற்றமா? அதனால்தான் 'ரெப்பசாஜ்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உங்களைத் தோற்கடித்தவர் இறுதி வரை போனால், அவரிடம் தோற்ற எல்லோருக்கும் கதவு திரும்பத் திறக்கும், வெண்கலத்துக்காக மோதலாம். இறுதிக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், அதனால் இரண்டு பக்கம், இரண்டு வெண்கலம். உங்களைத் தோற்கடித்தவர் நடுவில் எங்காவது தோற்றுவிட்டால் நீங்கள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அதனால் தோற்ற வீரர்கள் கேலரியில் உட்கார்ந்துகொண்டு, சற்றுமுன் தங்களைப் புரட்டிப்போட்டவருக்கே கைதட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வேறெந்த விளையாட்டில் இந்தக் காட்சி கிடைக்கும்? 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக் வாங்கிய வெண்கலமும் இந்தக் கதவு வழியாக வந்ததுதான்.

தில்லியில் 53 கிலோவில் வினேஷைத் தோற்கடித்தவர் மயு முகைதா. 57 கிலோவில் அன்ஷு மாலிக்கைத் தோற்கடித்து வெண்கலத்துக்கு அனுப்பியவர் ரிசாகோ கவாய். ஆண்கள் 65 கிலோ இறுதியில் பஜ்ரங் புனியாவை 10-2 என்று சாய்த்தவர் தகுதோ ஒதோகுரோ. சரி, இந்த மூன்று ஜப்பான்காரர்களும் அடுத்த வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்கில் என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்று பேரும் தங்கம். அதே எடை, அதே 53, 57, 65.

இப்போது அந்த வெண்கலங்களைத் திரும்ப எடை போட்டுப் பாருங்கள் மதுரைக்காரரே. யாரிடம் தோற்றார் என்ற வரியைப் படிக்காமல் பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்ப்பது, ரசீதைப் பார்க்காமல் நகையை வாங்குகிற மாதிரி.

கேள்வி: ஸ்கோர் சமமாக இருந்தும் ஒருவர் தோற்றதாக வருகிறதே, டாஸ் போடுவார்களா? (புதுச்சேரி)

அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. ஒரு சுற்று சமமாக முடிந்தால் நிஜமாகவே பந்து எடுத்துக் குலுக்கல் போட்ட காலம் ஒன்று உண்டு, ரசிகர்களும் பயிற்சியாளர்களும் ஒருசேரச் சபித்த காலம் அது. 

இப்போது மூன்று படி. யார் ஒரே பிடியில் அதிக பாயிண்ட் எடுத்தார்கள் என்று முதலில் பார்ப்பார்கள், ஒரு 4 இருந்தால் அது இரண்டு 2-ஐ விடப் பெரிசு. அதுவும் சமம் என்றால் யாருக்கு எச்சரிக்கை குறைவு. அதுவும் சமம் என்றால் கடைசி பாயிண்ட் எடுத்தவர். 2022 உலான்பாத்தர் ஆசிய சாம்பியன்ஷிப் 79 கிலோ இறுதியில் கவுரவ் பாலியான் ஈரானின் அலி சவாத்கூஹியோடு 9-9 என்று சமன் செய்தும் வெள்ளிதான், இந்தக் கணக்கில்தான் தோற்றார்.

இதைவிட வயிற்றெரிச்சல் ரீதிகா ஹூடாவினுடையது. 2024 பாரிஸ் ஒலிம்பிக், 76 கிலோ கால் இறுதி, எதிரே கிர்கிஸ்தானின் ஐபெரி மெதெத் கிசி. ஒருவர் சும்மா தள்ளிக்கொண்டே நின்றால் நடுவர் முப்பது விநாடி கெடு வைப்பார், அதற்குள் ஒன்றும் செய்யாவிட்டால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். முதலில் அந்த பாயிண்ட் ரீதிகாவுக்கு வந்தது, பிறகு ஐபெரிக்கு வந்தது. 1-1. பின்னால் வந்தது யாருடையதோ அவர் ஜெயித்தார். ஆறு நிமிஷம் யாரும் யாரையும் கீழே தள்ளவே இல்லை! அடுத்த வருஷம் மார்ச்சில் ஜோர்டானின் அம்மான் நகரில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் இறுதியில் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். இந்த முறை 7-6. மறுபடியும் ஐபெரிக்கு. சிலருக்குச் சிலர் அப்படி எழுதி வைத்த மாதிரி அமைந்துவிடுகிறார்கள்.

கேள்வி: 2020-ல் 20 பதக்கம் வாங்கிய இந்தியா 2025-ல் 10-தான். பாதியாகத் தேய்ந்துவிட்டதா நம் குஸ்தி? (கோவை)

எண்ணிக்கையைப் பார்த்தால் தேய்ந்ததுதான். 2020 தில்லியில் 5 தங்கம், 6 வெள்ளி, 9 வெண்கலம். 2025 அம்மானில் 1, 3, 6. நடுவில் 2024 பிஷ்கெக்கில் ஒரு தங்கம்கூட இல்லை.

ஆனால் அந்த 20-ஐயும் கொஞ்சம் உலுக்கிப் பார்க்கணும். கொரோனா அப்போதுதான் பரவத் தொடங்கிய நேரம், சீன அணிக்கு விசா கிடைக்கவில்லை. வடகொரியாவும் வரவில்லை. பெண்கள் மல்யுத்தத்தில் சீனா இல்லாத ஆசியா, சக்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்ட காப்பி மாதிரிதான், குடிக்க நன்றாக இருக்கும். அத்தனை பதக்கம் வாங்கியும் பட்டியலில் ஜப்பானுக்கும் ஈரானுக்கும் பின்னால் மூன்றாவது இடம்தான் கிடைத்தது, ஏனென்றால் பட்டியல் தங்கத்தை வைத்து வரிசைப்படுத்தப்படுவது. அதற்காக சுனிலும் ரவியும் திவ்யாவும் சும்மா வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன், மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் அப்படிச் சொல்லவும் முடியாது.

அப்புறம் 2023. ஜனவரியில் வீராங்கனைகள் இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் மீது புகார் சொல்லி தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தில்லியில் நடக்கவேண்டிய அந்த வருஷ ஆசிய சாம்பியன்ஷிப்பே அஸ்தானாவுக்குப் போய்விட்டது. ஆகஸ்டில், நேரத்துக்குத் தேர்தல் நடத்தவில்லை என்று உலக அமைப்பு நம் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது, அது நீங்க அடுத்த பிப்ரவரி ஆகிவிட்டது. மேட்டில் இருக்கவேண்டியவர்கள் நடைபாதையில் படுத்திருந்த வருஷம் அது. அதன் விலை அடுத்தடுத்த பட்டியலில் தெரியத்தானே செய்யும்.

அம்மானில் கிடைத்த ஒரே தங்கம் மனிஷா பன்வாலாவுடையது, 62 கிலோ. இறுதியில் வடகொரியப் பெண்ணை 8-7. இந்த முறை வடகொரியா வந்திருந்தது, கவனியுங்கள். 

கேள்வி: பட்டியலில் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லையே, நம் ஊரில் பயில்வானே இல்லையா? (தஞ்சாவூர்)

மாமல்லன் என்றால் பெரிய மல்லன் என்றுதான் அர்த்தம். முதலாம் நரசிம்மவர்மன் அந்தப் பேரை வைத்துக்கொண்டதால்தான் மாமல்லபுரம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன பெருமை, அதை வைத்துக்கொண்டு 57 கிலோவில் ஒரு பாயிண்ட்கூட எடுக்க முடியாது.

இன்றைக்கு இந்திய மல்யுத்தம் என்றால் பெரும்பாலும் ஹரியானா. சுனில், ரவி இருவருமே சோனிபத் மாவட்டம். ரவியின் அப்பா நஹ்ரி கிராமத்திலிருந்து தில்லி சத்ரசால் ஸ்டேடியத்துக்குப் பாலும் வெண்ணெயும் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்து மகனை வளர்த்தவர். சின்ன வயசிலேயே பையனை அகாடாவில் விட்டு, கூடவே சாப்பாட்டையும் அனுப்புகிற பழக்கம் ஊரோடு ஊராக அங்கே இருக்கிறது. நம் பக்கத்தில் அது கபடிக்கு இருக்கிறது, சிலம்பத்துக்கு இருக்கிறது. குஸ்திக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஒரு பேர் மட்டும் நமக்கு உடனே புரியும். 53 கிலோவில் 2023-ல் ஆசிய வெள்ளியும் 2025-ல் வெண்கலமும் வாங்கிய அன்திம் பங்கால். 'அன்திம்' என்றால் கடைசி. பெண்ணாகவே பிறந்துகொண்டிருக்கிறதே, இதோடு போதும் என்று ஹிசார் பக்கத்து வீட்டில் வைத்த பேர். நம் கிராமங்களில் 'போதும்பொண்ணு' என்று வைப்பார்களே, அதேதான், பாஷைதான் வேறு. இந்தப் போதும்பொண்ணுதான் 2022-ல் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தை ஜெயித்த முதல் இந்தியப் பெண்.

கேள்வி: கடித்தால் பாயிண்ட் உண்டா? (திண்டுக்கல், எட்டாம் வகுப்பு)

கிடையாது தம்பி. ஆனால் கடிப்பவர்கள் உண்டு. தில்லி அரையிறுதியில் ரவி ஜெயித்த கஜகஸ்தானின் நூரிஸ்லாம் சனாயேவ், அடுத்த வருஷம் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் மறுபடி ரவியிடம் மாட்டினார். ஒரு கட்டத்தில் 9-2 என்று முன்னால் இருந்தவரை ரவி மல்லாக்க அழுத்தியபோது, பிடியிலிருந்து தப்ப அவர் ரவியின் கையைக் கடித்தார். பல் பதிந்த தழும்பு போட்டோவில் தெரியும். ரவி பிடியை விடவில்லை. மேட் தட்டப்பட்டது. நீ பள்ளிக்கூடத்தில் முயற்சி செய்யாதே.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, நீங்கள் மேட்டில் இறங்கியதுண்டா? (பெயர் வேண்டாம் என்கிறார், திருச்சி)

ஒரே ஒரு தடவை. ஒரு பயிற்சிக் கூடத்துக்குப் பேட்டி எடுக்கப் போனபோது, 'சும்மா ஒரு பிடி போட்டுப் பாருங்க சார்' என்று கோச் சொல்ல, பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துவைத்துவிட்டு இறங்கினேன். எதிரே ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பெண், என் எடையில் முக்கால்வாசி இருந்தால் அதிகம். கை கொடுத்தோம். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது கூரையில் ஓடிய ஃபேன்கள். மொத்தம் ஆறு, ஒன்று சுற்றவில்லை.